காராமணி வேர் யாரை அழைக்கிறது? மொட்டைமாடியில் இரண்டு தொட்டிகளில் ஒரு சோதனை

பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துத் தருகின்றன என்று பள்ளியிலேயே படித்திருப்போம். அவற்றை அழைப்பது செடியின் வேர்க்கசிவுதான் என்பதும், மண்ணில் நைட்ரஜன் தாராளமாக இருந்தால் செடி அந்த உறவைச் சுருக்கிக்கொள்ளும் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சென்னையில் ஒரு மொட்டைமாடி இருந்தால் இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

முதலில், ஒரே அளவுள்ள இரண்டு தொட்டிகளில் இரண்டு பங்கு செம்மண்ணும் ஒரு பங்கு மணலும் கலந்து நிரப்பி, ஒரு கைப்பிடி மக்கிய தொழுவுரம் சேருங்கள். நகரத்தில் எளிதாகக் கிடைக்கிறதே என்று தென்னை நார்க்கழிவை மட்டும் நிரப்ப வேண்டாம். பயறுக்கு ஏற்ற பாக்டீரியா அதில் பெரும்பாலும் இராது.

அடுத்தது விதை நேர்த்தி. உயிர் உரக் கடையில் ரைசோபியம் கேட்கும்போது பயிரின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். அதன் காரணம் கீழே வருகிறது. ஆறிய அரிசிக் கஞ்சியில் ஒரு தேக்கரண்டி ரைசோபியத்தைக் குழைத்து, காராமணி விதைகளின் மேல் சீராகப் படியும்படி புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, வெயில் தாழ்ந்த பிறகு விதையுங்கள். நேரடி வெயில் பட்டால் பாக்டீரியா மடிந்துவிடும்.

முளைத்து ஒரு வாரம் ஆனதும், ஒரு தொட்டிக்கு மட்டும் லிட்டருக்கு 2 கிராம் யூரியா கரைத்த நீரை வாரம் ஒருமுறை விடுங்கள். மற்றதற்கு வெறும் நீர் போதும்.

இந்த நாட்களில் மண்ணுக்குள் நடப்பதே இச்சோதனையின் உயிர்நாடி. வேர் சர்க்கரைகளையும் கரிம அமிலங்களையும் அமினோ அமிலங்களையும் கசியவிடுவதால் வேரை ஒட்டிய மண்ணில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. இந்தப் பகுதிக்கு 1904-இல் ரைசோஸ்பியர் என்று பெயரிட்டவர் ஜெர்மன் அறிவியலாளர் லோரென்ஸ் ஹில்ட்னர். அந்தக் கசிவில் ஃபிளாவனாய்டு என்னும் சேர்மங்களும் உண்டு. அவை பாக்டீரியாவின் நாட்-டி புரதத்தைத் தூண்ட, முடிச்சு உண்டாக்கும் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. பாக்டீரியா பதிலுக்கு நாட் காரணி என்ற பொருளைச் சுரக்கிறது. அதை உணர்ந்த வேர்த்தூவி பாகற்கொடியின் பற்றுக்கம்பி போலச் சுருண்டு, பாக்டீரியாவைத் தன் வளைவுக்குள் பிடித்து உள்ளே அனுமதிக்கிறது. செடிக்குச் செடி ஃபிளாவனாய்டும், பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா நாட் காரணியும் வேறுபடும். சோயாவின் வேர் டெய்ட்சீன், ஜெனிஸ்டீன் என்ற ஃபிளாவனாய்டுகளைக் கசியவிடுகிறது. சோயாவுக்கான ரைசோபியம் காராமணிக்குச் சரியாகப் பொருந்தாமல் போகலாம். கடையில் பயிரின் பெயரைச் சொல்லிக் கேட்கச் சொன்னது இதனால்தான்.

சுமார் 35 நாட்களில், தொட்டியை நன்றாக நனைத்துக் கவிழ்த்து, வேரை வாளி நீரில் மெல்ல அலசுங்கள். செடியைப் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்து, நகத்தால் நெருடினால் உதிர்பவை வேர்முடிச்சுகள். வேரே வீங்கியிருந்தால் அது நூற்புழுத் தாக்குதல். ஒரு முடிச்சைப் பிளேடால் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் லெக்ஹீமோகுளோபின் என்னும் சிவப்பு நிறப் புரதம் இருக்கிறது, முடிச்சு வேலை செய்கிறது என்று பொருள். வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை தொடங்கவில்லை அல்லது ஓய்ந்துவிட்டது. யூரியா பெற்ற செடி கருகருவென்று தழைத்திருந்தாலும் அதன் வேரில் முடிச்சுகள் குறைவாகவும் சிறியதாகவும் இருப்பதைக் காணலாம்.

கத்திரி வெயிலில் இதைத் தொடங்க வேண்டாம். தொட்டி மண் கொதித்தால் இரண்டிலுமே முடிச்சு பிடிக்காது. தை, மாசி மாதங்கள் உகந்தவை.