அடைப்பும் பெருச்சாளியும்: பழைய வீட்டுக்காரர்களுக்குச் சில வழிகள்

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு மாமனார் கட்டியது. கீழே நான் இருக்கிறேன், மாடியில் இரண்டு குடித்தனம். இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டிக்கொண்டிருக்கும். பின்னால் மூன்றடிச் சந்து. மூன்று சமையலறை, மூன்று குளியலறைத் தண்ணீரும் அந்தச் சந்தின் தரைக்குக் கீழே ஓடித்தான் தெருவுக்குப் போகிறது.

இரண்டு வருடத்தில் நான்கு முறை அங்கே அடைத்தது. ஒவ்வொரு முறையும் கம்பி போட ஆள் வந்தார், ஆயிரம் ரூபாய் வாங்கினார், தண்ணீர் போனது. நான்கைந்து மாதத்தில் மறுபடியும் நின்றது. ஐந்தாவது முறை வந்த இளைஞர் கம்பியை வெளியே இழுத்ததும் நுனியில் ஒட்டியிருந்ததை விரலால் தேய்த்துப் பார்த்தார். "அம்மா, இது வீட்டுக் கழிவு இல்லை, மணல். உள்ளே குழாய் உடைந்திருக்கிறது" என்றார். தரையைப் பெயர்த்தோம். அந்தக் காலத்துச் சுட்ட மண் குழாய், இரண்டடிக்கு ஒரு இணைப்பு. ஓர் இணைப்பில் சிமெண்ட் உதிர்ந்திருந்தது. அதை ஒட்டி என் முழங்கை நுழையும் அளவுக்குப் பெருச்சாளி வளை. அது தோண்டத் தோண்ட மண் குழாய்க்குள் விழுந்திருக்கிறது. குழாயில் கசிந்த சோறும் மீனும் அதற்கே உணவாகியிருக்கிறது. அடைப்புக்கு ஒருவர், எலிக்கு ஒருவர் என்று தனித்தனியாகப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் காரணம் அந்த ஒரே ஓட்டை. பழைய வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அடைப்பு வந்தவுடன் கடைக்கு ஓடி அமிலம் வாங்காதீர்கள். எங்கே அடைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரே ஒரு தொட்டியில் (சிங்க்) மட்டும் தண்ணீர் நின்றால், கோளாறு அந்தத் தொட்டிக்கு அடியில்தான். கீழ்த்தளக் கழிப்பறையிலும் குளியலறையிலும் சேர்ந்து தண்ணீர் ஏறினால், அதுவும் மாடியில் யாரோ குளிக்கும்போது உங்கள் குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் ஓட்டைத் தகடான ஜாலி வழியாகப் பொங்கினால், பொதுக் குழாய் அடைத்திருக்கிறது. அப்போது சேம்பர், அதாவது தரைக்குக் கீழே குழாய்கள் வந்து சேரும் சின்னத் தொட்டி, அதன் மூடியைத் திறக்க வேண்டும். சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில். சேம்பர் நிறைந்திருந்தால் அடைப்பு அதற்கும் கீழே, தெருப் பக்கம். இரண்டு மூன்று சேம்பர் இருந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். நிறைந்த சேம்பருக்கும் காலிச் சேம்பருக்கும் இடையில்தான் கம்பி போக வேண்டும். வாசலை ஒட்டிய கடைசிச் சேம்பரும் நிறைந்திருந்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கேயும் அப்படியே என்றால் அது தெருக் குழாயின் அடைப்பு. சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் சொல்லிப் பதிவு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு எல்லைக்குள் இருக்கும் குழாய்க்கு நாம்தான் செலவு செய்ய வேண்டும். தெருக் குழாய்க்கு வாரியம் இருக்கிறது.

மூடியைத் திறந்ததும் குனிந்து பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். பீடி, தீக்குச்சி அருகில் வேண்டாம், மீத்தேன் தீப்பிடிக்கும். அழுகிய முட்டை நாற்றம் கொண்ட ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் மோசம். அது அதிகமானால் மூக்குக்கே நாற்றம் தெரியாமல் போய்விடும். வாடை இல்லை, பயமில்லை என்று தலையை விட்டவர் அப்படியே விழுந்துவிடுவார்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். "அரை மணி நேர வேலைதான், நானே இறங்கி எடுத்துவிடுகிறேன்" என்று ஒருவர் தானாகவே சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். வீட்டில் கழிவுநீர்த் தொட்டி இருந்தாலும் அப்படித்தான். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு ஏதுமில்லாமல் சாக்கடையிலோ மலக்குழியிலோ ஆளை இறக்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. எந்தத் தொகை கொடுத்தாலும் அந்த வீட்டுப் பிள்ளைக்கு அப்பா திரும்ப வரமாட்டார். கம்பியும், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட் வண்டியும் எட்டாத அடைப்பு என்றால் தரையை உடையுங்கள். தரையை மறுபடி பூசிக்கொள்ளலாம்.

சமையலறைத் தொட்டி அடைப்பை நீங்களே எடுக்கலாம். தொட்டிக்குக் கீழே வளைந்திருக்கும் குழாயின் அடியில் ஒரு வாளியை வைத்து, கையாலேயே மரையைத் திருகிக் கழற்றுங்கள். பெரும்பாலும் அங்கேதான் கட்டி இருக்கும். எங்கள் பக்கத்தில் அது மீன் செதில். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து சங்கராவும் வஞ்சிரமும் வராத வீடு குறைவு. செதில் எண்ணெயோடு ஒட்டி, அதன் மேல் சோற்றுக் கஞ்சி படிந்து, பாத்திரம் தேய்க்கும் தேங்காய் நாரும் சிக்கிக்கொண்டால் பூசியதுபோல் இறுகிவிடும். மீனைச் செய்தித்தாள் மேல் வைத்துச் செதில் எடுத்து, அப்படியே மடித்துக் குப்பையில் போடுங்கள். பொரித்த சட்டியைக் கழுவும் முன் காகிதத்தால் துடைத்துவிடுங்கள். இந்த இரண்டையும் மாடி வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொண்ட பிறகு எங்கள் தொட்டிக் குழாய் அடைத்ததே இல்லை. எண்ணெய்ப் பிசுக்குக்கு வாரம் ஒரு முறை நல்ல சூடான தண்ணீரும் பாத்திரம் துலக்கும் சோப்பும் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிவிசி குழாய் இளகிவிடும். கை பொறுக்கும் சூடு வரை சரி.

ரசாயனத்தைப் பற்றி எனக்குக் கடுமையான எண்ணம் உண்டு. அமிலமும் பிளீச்சிங் பவுடரும் ஒரே நாளில் ஒரே குளியலறைக்குள் போகக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூச்சு அடைக்கும். குளியலறையில் முடி அடைத்திருந்தால் ஜாலியைத் தூக்கி, நுனி வளைத்த கம்பியால் இழுத்து எடுங்கள். ஐந்து நிமிட வேலை அது. காஸ்டிக் சோடா போட்டே ஆக வேண்டும் என்றால் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, நிறைய தண்ணீரில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். தூளின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் கரைக்கவே கூடாது. ஊற்றிய பிறகும் அடைப்பு போகவில்லை என்றால் அடுத்து வரும் குழாய்க்காரரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். அவர் கையை விடப்போவது அந்தத் தண்ணீரில்தான்.

குழாயை மாற்றும்போது மூன்று விஷயம் கவனித்தேன். பத்தடிக்கு மூன்று அங்குலம் சரிவு வேண்டும். அதனால் நூல் கட்டி, மட்டம் பார்த்துத்தான் நாலங்குலக் குழாயைப் படுக்க வைத்தோம். திரும்பும் இடத்தில் எல்லாம் ஒரு சேம்பர், இல்லாவிட்டால் கம்பி திரும்பாது. பள்ளத்தை மூடும் முன் ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து மாடியிலிருந்து ஊற்றினோம். நீலம் சேம்பருக்கு வந்தது. பக்கத்து மண் நனையவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் மண் போடச் சொன்னேன். உடைந்த குழாய் என்ற சந்தேகம் உங்களுக்கும் இருந்தால் அடையாளம் இதுதான்: கம்பியில் மணல் வரும், தரை ஓரிடத்தில் அமுங்கும், சுவர் ஓரத்தில் புது மண் குவியும்.

அந்தப் புது மண்தான் பெருச்சாளியின் அடையாளம். வளையை உடனே சிமெண்ட் போட்டு மூடினால் அது பக்கத்தில் இன்னொன்று தோண்டும், அல்லது உள்ளேயே செத்து நாறும். சாயங்காலம் எல்லா வளையிலும் செய்தித்தாளை உருட்டித் தளர்வாக அடைத்து வையுங்கள். காலையில் எந்தக் காகிதம் வெளியே தள்ளப்பட்டிருக்கிறதோ அந்த வளையில்தான் நடமாட்டம். அதன் முன் கூண்டு வைக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் கூண்டைப் பூட்டாமல், மசால்வடையோ கருவாடோ வைத்துச் சும்மா விடுங்கள். புதிய பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும். பழகிய பின்தான் நுழையும். எங்கள் வீட்டில் நாலாம் நாள் ஒன்று, ஆறாம் நாள் ஒன்று பிடிபட்டன. தொடர்ந்து நான்கு நாள் காகிதம் அசையாமல் இருந்த பிறகு, உடைந்த கண்ணாடிச் சில்லும் ஜல்லியும் சிமெண்டும் கலந்து ஒரு முழ ஆழத்துக்கு அடைத்தோம். குழாய் சுவருக்குள் நுழையும் சந்தையும் விடாதீர்கள். ஒரு பென்சில் நுழையும் ஓட்டை சுண்டெலிக்குப் போதும். துணியும் தெர்மோகோலும் அதைத் தடுக்காது, இரும்பு வலையை உருட்டித் திணித்து மேலே பூச வேண்டும்.

எலி மருந்தை என் வீட்டு வாசலுக்குள் விடமாட்டேன். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை கல்லீரலை அழித்துவிடும், அதற்கு மாற்று மருந்தே கிடையாது. 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டுக்குள் இரவு தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். குளிர்சாதனத்துக்காகக் கதவு மூடிய அறை அது. அந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பூச்சி மருந்து அடிக்க ஆள் வந்தால் மருந்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கரப்பானில் இரண்டு வகை. கட்டைவிரல் நீளத்தில் செம்பழுப்பாக இருப்பது சாக்கடையிலிருந்து வருகிறது. அது ஏறும் வழி ஜாலிதான். ஜாலிக்கு அடியில் இருக்கும் வளைவை, குழாய்க்காரர் டிராப் என்பார், அதில் எப்போதும் இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் நாற்றத்துக்கும் கரப்பானுக்கும் கதவு. யாரும் பயன்படுத்தாத குளியலறையில் அது வற்றிவிடும். எங்கள் மாடியில் ஒரு குடித்தனம் காலியாக இருந்த இரண்டு மாதத்தில் வீடு முழுக்கக் கரப்பான் ஏறியதற்கு இதுதான் காரணம். வாரம் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் தண்ணீரின் மேல் ஒரு கரண்டி எண்ணெயும் விடுங்கள், சீக்கிரம் வற்றாது.

விரல்நகம் அளவே இருக்கும் சின்ன வகை சமையலறையிலேயே குடியிருக்கும். மிக்சி, ஃபிரிட்ஜ் மோட்டார், அலமாரிக் கீல் எல்லாம் அதன் வீடு. ஒரு முட்டைப் பையில் முப்பது நாற்பது குஞ்சு. ஸ்பிரே அடித்தால் கண்ணில் படுவது சாகும், முட்டைப் பை தப்பிவிடும். போரிக் தூள் ஒரு பங்கு, கோதுமை மாவு மூன்று பங்கு, சர்க்கரை ஒரு பங்கு, பால் தெளித்துப் பிசைந்து மிளகு அளவு உருண்டைகளாக உருட்டிக் கீல்களுக்குப் பின்னால் வையுங்கள். குழந்தை கை எட்டாத இடமாக இருக்க வேண்டும், பூனை நாய் இருந்தாலும் கவனம். உருண்டை வைத்த இடத்தில் ஸ்பிரே அடிக்கக் கூடாது, அந்த வாடைக்குக் கரப்பான் உருண்டையைத் தொடாது. மூன்று வாரம் கழித்துப் புது உருண்டை வைத்தால்தான் பிறகு பொரித்த குஞ்சுகளும் தீரும்.

குளியலறைச் சுவரில் அந்துப்பூச்சி போல உட்கார்ந்திருக்கும் குட்டி ஈக்கள் குழாயின் உட்புற வழவழப்பில் முட்டையிடுகின்றன. பழைய பாட்டில் பிரஷ்ஷால் ஜாலிக்கு அடியில் தேய்த்துக் கழுவினால் போய்விடும். கொசுவுக்கு, மொட்டைமாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாயின் வாயில் நைலான் வலை கட்டுங்கள். கழிவுநீரில் பிறக்கும் கொசு வெளியே வரும் வழி அதுவும்தான்.

மழைக்காலம் தனி. நம் பகுதி கடலை ஒட்டிய தட்டை நிலம். கழிவுநீர் தானாகச் சரிந்து தொலைதூரம் ஓடாது. பம்பு நிலையங்கள் இறைத்து இறைத்துத்தான் கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புகின்றன. பெருமழையில் முற்றத்தில் தண்ணீர் நின்றால் பலர் சேம்பர் மூடியைத் திறந்து மழைநீரை அதில் இறக்கிவிடுகிறார்கள். அவர்கள் முற்றம் வடிந்துவிடும். அந்தத் தண்ணீர் பள்ளத்தில் இருக்கும் வீட்டின் கழிப்பறை வழியாக வெளியே வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவின் கடைசி நான்கு வீட்டுக்காரர்கள் மலம் மிதக்கும் தண்ணீரில் இரண்டு நாள் நின்றார்கள். தயவுசெய்து மூடியைத் திறக்காதீர்கள். மொட்டைமாடித் தண்ணீர் மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்குத்தான் போக வேண்டும், அதன் குழாய் சேம்பரில் இணைந்திருந்தால் இந்த வருடமே பிரித்துவிடுங்கள்.

தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீரும் கலந்திருக்கும். காலில் சிறு புண் இருந்தாலும் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம். பிறகு சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மருத்துவரிடம் "சாக்கடைத் தண்ணீரில் நின்றேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் சந்தேகம் அவருக்கு உடனே வரும்.

பள்ளமான வீடாக இருந்தால் கடைசிச் சேம்பரில் 'நான்-ரிட்டர்ன் வால்வு' (non-return valve) பொருத்திக்கொள்ளலாம். வெளியே போகும் தண்ணீருக்குத் திறந்து, திரும்பி வரும் தண்ணீருக்கு மூடிக்கொள்ளும் தட்டு அது. தெருவில் தண்ணீர் ஏறி அது மூடியிருக்கும் நேரத்தில் மாடியில் யாரும் குளிக்கவோ துணி துவைக்கவோ கூடாது, அந்தத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உங்கள் குளியலறைக்கே வரும். இதைக் குடித்தனக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். தட்டில் ஒரு துண்டு நார் சிக்கினாலும் முழுதாக மூடாது. நான் ஆயுத பூஜைக்கு வீடு கழுவும் நாளில் அதையும் திறந்து, நீண்ட பிரஷ்ஷால் தேய்த்து, தட்டு தடையில்லாமல் ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு மூடிவைக்கிறேன்.