பத்து விதை, ஒரு உறை

மகளுக்குக் கோவையில் வேலை கிடைத்து, திருநெல்வேலி வீட்டைப் பூட்டிவிட்டு வந்தபோது இந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே முகம் பால்காரர்தான். பொழுது போகாமல் மொட்டை மாடியில் பத்துத் தொட்டி வைத்தேன். இன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைத்து எடுத்து வர மூன்று வீடு இருக்கிறது. மூன்றும் விதை பரிமாறிக்கொள்ளும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் கிடைத்தவை. எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

குழுவில் சேர்ந்ததும் ‘வணக்கம், நான் புதிது’ என்று போட்டால் நாலு பேர் கைகூப்பும் படம் போடுவார்கள், அத்தோடு சரி. முதல் வாரம் பேசாமல் படியுங்கள். யார் பொறுமையாகப் பதில் சொல்கிறார், யார் ஃபார்வர்டு மட்டும் தள்ளுகிறார் என்று தெரிந்துவிடும். அப்புறம் சின்னதாக ஒரு கேள்வி, படத்தோடு. ‘செடி நன்றாக வரவில்லை’ என்றால் யார் என்ன சொல்வது? நான் கேட்டது இது: கத்தரி இலைக்கு அடியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது, வேப்ப எண்ணெய் அடிக்கலாமென்றால் தண்ணீரில் கலக்காமல் மிதக்கிறது. கரூர்க்காரர் ஒருவர், “அது மாவுப்பூச்சி, அக்கா. எண்ணெயில முதல்ல கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்துட்டு அப்புறம் தண்ணி ஊத்துங்க” என்றார். நான்காம் நாள் அதே இலையைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். பதிலை வாங்கிக்கொண்டு காணாமல் போய்விடுகிறார்கள். வைத்தியம் சொன்னவருக்கு நோய் தீர்ந்ததா என்று தெரிய வேண்டாமா?

அடுத்தது, கையில் இருப்பதைக் கொடுப்பது. என்னிடம் ஊரிலிருந்து கொண்டுவந்த மூக்குத்தி அவரை இருந்தது. சாயங்காலம் பூக்கும் கொடி. பூவைத் தாங்கும் காம்பு சதைப்பற்றாகத் தடித்து நிற்கும், சமைப்பது அதைத்தான். கோவையில் பலர் பார்த்ததே இல்லை என்றார்கள். தபாலில் அனுப்ப ஆரம்பித்தேன்.

இதில் நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. அரைகுறையாகக் காய்ந்த கத்தரி விதையை பிளாஸ்டிக் கவரில் அடைத்து ஒருவருக்கு அனுப்பினேன், போய்ச் சேர்ந்தபோது பூஞ்சணம். இப்போது நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, நாட்டு மருந்துக் கடையில் சூரணம் மடிப்பது போலக் காகிதத்தில் மடித்து, பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டை இரண்டுக்கு நடுவில் வைத்து உறையில் போடுகிறேன். அட்டை இல்லாவிட்டால் முத்திரை விழும் இடத்தில் விதை நசுங்கிவிடும். பொட்டலத்தின் மேல் விதையின் பெயர், எடுத்த மாதம், ‘இரவு ஊற வைக்கவும்’. பத்து விதை போதும். அள்ளிக் கொடுத்தால் டப்பாவில் போட்டு மறந்துவிடுவார்கள்; பத்து என்றால் எண்ணி நடுவார்கள், முளைத்ததும் படம் வரும். ஆனி மாதமே அனுப்பிவிட்டால் ஆடிப்பட்டத்துக்குச் சரியாக இருக்கும்.

பெரிய குழுவில் தெரிந்தவர்கள்தான் கிடைப்பார்கள், சிநேகிதர்கள் இல்லை. இப்படி விதை போய் வந்த எட்டுப் பேரைச் சேர்த்துத் தனிக் குழு ஆரம்பித்தேன். குட் மார்னிங் படமும் அரசியலும் வேண்டாம் என்பது மட்டும் விதி. முதலில் ‘செடியைப் பற்றி மட்டும்’ என்றும் வைத்திருந்தேன். ஒரு அம்மா தன் மூட்டுவலியைச் சொல்லப்போக, விதியை ஞாபகப்படுத்தினேன். ஒரு மாதம் அவர் வாயே திறக்கவில்லை. நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டு அந்த விதியை எடுத்துவிட்டேன்.

முகவரியைப் பொதுவில் போடாதீர்கள், தனியாகக் கேட்டவருக்கும் இரண்டு நாள் யோசித்துக் கொடுங்கள். பழகிய மறுவாரமே பணம் கேட்பவரையும், நள்ளிரவில் ‘சாப்டீங்களா’ என்பவரையும் யோசிக்காமல் பிளாக் செய்யலாம்.

நேரில் பார்ப்பதென்றால் பகலில், பொது இடத்தில். நாங்கள் வேளாண் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவில் கூடினோம். முகம் யாருக்கும் தெரியாது. “நீங்கதானே சிறகு அவரை?” “இல்லங்க, நான் மிதி பாகல்.” ஆளுக்கொரு டிபன் பாக்ஸ், ஈரத்துணியில் சுற்றிய பொன்னாங்கண்ணித் தண்டு. போகும்போது துணிப்பை கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றுதான் கொண்டு போயிருந்தேன், திரும்பும்போது டவுன் பஸ்ஸில் கறிவேப்பிலைக் கன்று ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.