தகரத்தில் மழை விழும் சத்தம்

2014 ஒக்டோபர் 29 காலையில் இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தை தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்தபோது நான் பெரட்டுக்கு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போயிருந்தேன். திரும்பி ஓடி வந்தால் எங்கள் லயம், தோட்டத்து வரிசை வீடு, நின்ற இடத்தில் சேறுதான்.

அதற்குப் பிறகு தகரத்தில் மழை விழுந்தாலே தூக்கம் கிடையாது. செருப்பைப் போட்டுக்கொண்டே படுப்பேன். அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் தலைமாட்டில் ஒரு பையில். காத்து கறுப்பு அடிச்சிருச்சுன்னு மாமியார் கையில் கயிறு கட்டினாங்க. பாவம், பாசத்தில் செய்தது. ஆனால் பயம் விடவில்லை.

ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஒரு மிஸ்தான் வழி காட்டினார். படபடப்பு வரும்போது காண்பது ஐந்து, தொடுவது நாலு, கேட்பது மூன்று, மணப்பது இரண்டு, ருசிப்பது ஒன்று என்று எண்ணச் சொன்னார். முதல் தடவை சிரிப்புதான் வந்தது. சுவரின் ஈரம், கம்பளி, பிளேன்டீயின் இஞ்சி என்று எண்ணி முடிப்பதற்குள் நெஞ்சு கொஞ்சம் அடங்கியது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கவும் பழகினேன். பிறகு தூறலில் இஸ்தோப்பில், வீட்டு முன்திண்ணையில், ஐந்து நிமிஷம் இருந்து பழகினேன், அடுத்த கிழமை பத்து. இடையில் ஒரு இடியில் எல்லாம் பழையபடி ஆனது. மறுபடி ஐந்திலிருந்து தொடங்கினேன்.

மண்சரிவுப் பயம் முழுக்கப் பிரமையும் இல்லையே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை இரவில் ஒரு தடவை பார்ப்பேன். சிவப்பு என்றால் கிளம்புவோம். இல்லையென்றால் போனை கவிழ்த்து வைத்துவிடுவேன்.

கிளினிக் தூரமென்றால் 1926க்கு எடுத்துப் பேசலாம், மனநல உதவி இலக்கம்.

செருப்பு இப்போது கட்டிலுக்குக் கீழே. பை மட்டும் இன்னும் தலைமாட்டில்தான்.