லேகாக்: எட்டிப் பார்க்கக் கூடாத ஜன்னல்கள், பார்க்காமல் வரக் கூடாத ஜன்னல்

லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்வர நல்ல பழைய கிராமம் எது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது லேகாக். வில்ட்ஷையரில் இருக்கிறது. முக்கியமான தெருக்கள் நான்குதான். மின்கம்பியோ டிவி ஆன்டெனாவோ கண்ணில் படாது. ஹாரி பாட்டர் உட்படப் பல படங்களை இங்கே எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஊரையே சினிமா செட் என்று நினைத்துவிடுகிறார்கள்.

1944-ல் மடில்டா டால்பட் என்ற அம்மையார் தன் குடும்பச் சொத்தான ஊரையும் அங்கிருக்கும் பழைய கன்னியர் மடத்தையும், பழைய இடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்துவிட்டார். அதனால் ஊர் அதே கோலத்தில் நிற்கிறது. ஆனால் வீடுகளில் ஆட்கள் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளுக்குக் காம்பவுண்டு கிடையாது, கதவைத் திறந்தால் தெரு. முதல் தடவை போனபோது, "உள்ளே பழைய காலத்துச் சாமான்கள் இருக்குமோ" என்று நானும் ஒரு ஜன்னலில் கையைக் குவித்து எட்டிப் பார்த்தேன். சோபாவில் ஒரு பெரியவர் டீக்கோப்பையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை, கோப்பையை லேசாக உயர்த்திக் காட்டினார். அதற்குத் திட்டியிருக்கலாம். வாசற்படியில் உட்கார்ந்து ரீல்ஸ் எடுப்பதும் இதே ரகம்தான்.

காரில் போனால் ஊருக்குள் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஊர் எல்லையிலேயே பார்க்கிங் இருக்கிறது, அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் நடை. ரயிலில் போவதானால் லண்டன் பேடிங்டன் ஸ்டேஷனில் ஏறி சிப்பன்ஹாமில் இறங்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். அங்கிருந்து ஊர் ஐந்தாறு கிலோமீட்டர், பஸ் உண்டு. நம்மூர் டவுன் பஸ்ஸை மனதில் வைத்துக்கொண்டு "அடுத்தது வரும்" என்று நின்றுவிடாதீர்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே பார்த்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் கட்டாயம்.

சாப்பாட்டிலும் பலர் ஏமாறுகிறார்கள். கிராமத்து பப்களில் மதியச் சமையல் முடிந்தால் அடுப்பை அணைத்துவிட்டு மாலையில்தான் திறப்பது வழக்கம். மூன்று மணிக்குப் பசியோடு போனால் சிப்ஸ் பாக்கெட்தான் கிடைக்கும். இன்னொன்று, பல பப்களில் மேஜைக்கு யாரும் வந்து கேட்க மாட்டார்கள். கவுன்டருக்கு நாமே போய்ச் சொல்ல வேண்டும். இது தெரியாமல் இருபது நிமிடம் "ஏன் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறார்கள்" என்று மனம் நொந்து உட்கார்ந்திருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

ஷூ விஷயம் ஒரே வரி: வெள்ளை ஷூ வேண்டாம். மழை பெய்த மறுநாள் வயல்வழி நடைபாதையில் சேறு கணுக்கால்வரை வரும்.

என்னைக் கேட்டால் இதையெல்லாம்விடப் பெரிய தவறு, தெருவில் நாலு படம் எடுத்துக்கொண்டு மடத்துக்குள் போகாமல் திரும்புவது. ஊரைச் சுற்ற டிக்கெட் கிடையாது, மடத்துக்கு உண்டு. அதனால் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். 1232-ல் சாலிஸ்பரி கோமாட்டி ஈலா கட்டுவித்த கன்னியர் மடம் அது. எட்டாம் ஹென்றி காலத்தில், 1539-ல் மூடப்பட்டு மாளிகையாக மாறியது. பிறகு அங்கே வாழ்ந்தவர் புகைப்படக் கலையின் முன்னோடி ஃபாக்ஸ் டால்பட், மடில்டாவின் தாத்தா. படம் பிடிக்கச் சின்னச் சின்ன மரப்பெட்டிகளில் லென்ஸ் பொருத்தி வீட்டைச் சுற்றி வைத்துவிடுவார். அவர் மனைவி அவற்றுக்கு வைத்த பெயர் எலிப்பொறி.

1835 ஆகஸ்டில் அப்படி ஒரு பெட்டியில் பதிந்தது தெற்குக் கூடத்து ஜன்னல். இன்று நம்மிடம் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமரா நெகட்டிவ் அதுதான், தபால்தலை அளவு காகிதம். புதிதாக இருந்தபோது சுமார் 200 கண்ணாடிச் சதுரங்களை லென்ஸ் வைத்து எண்ண முடிந்தது என்று அதன் பக்கத்தில் டால்பட்டே எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காகித நெகட்டிவின் வழிவந்த முறையில்தான் 1858-ல் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் மதுரையையும் தஞ்சாவூரையும் படம் பிடித்தார். நம் கோயில்களின் பழைய புகைப்படங்களுக்கு இந்த வீட்டோடு அப்படி ஒரு சொந்தம்.

உள்ளே போகிறவர்களிலும் சிலர் தோட்டப் பக்கம் நின்று, சுவரிலிருந்து பிதுங்கி நிற்கும் ஜன்னல்களை வெளியிலிருந்து மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். டால்பட் எடுத்தது உள்ளிருந்து. கூடத்துக்குள் போய், வெளிச்சத்தைப் பார்த்தபடி நில்லுங்கள். நடு ஜன்னல், சின்னது. எளிதாகத் தாண்டிப் போய்விடலாம்.