தெருவில் மரம் வைக்கிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் நாலைந்து இளைஞர்கள் மரக்கன்று வைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு தம்பி கன்றின் தூரை ஒட்டி வழவழவென்று சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார். பழைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது. தண்ணீர் ஊற்றுவது, மாடு கடிக்காமல் பார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

தூரைச் சுற்றி சிமெண்ட்

இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல் இதுதான். சென்னையில் வீட்டு வாசலில் ஒரு புங்கை வைத்தேன். சில வருஷத்தில் நல்ல நிழல். பூவும் சருகும் கொட்டிக் குப்பையாகிறது என்று மேஸ்திரியைக் கூப்பிட்டு, தூர் வரைக்கும் டைல்ஸ் ஒட்டி, உட்கார ஒரு மேடையும் கட்டினேன். இஸ்திரி வண்டிக்காரர் அங்கேயே கடை போட்டார். தெருவே பாராட்டியது.

அப்புறம் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியவர்கள் சாலைப் பக்கத்து வேரை வெட்டிவிட்டுப் போனார்கள். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். மரம் மேடையையும் பெயர்த்துக்கொண்டு வீட்டுப் பக்கம் சாய்ந்தது. வேரைப் பார்த்தேன்: ஒரு முழ ஆழம்கூட இல்லை. டைல்ஸுக்கு அடியிலேயே தட்டையாகப் படர்ந்திருந்தது. வேருக்கும் காற்று வேண்டும். நான் பூசிய சிமெண்டில் மழைத்தண்ணீர்கூட இறங்கவில்லை.

2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தில்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் சிமெண்டை அகற்றச் சொன்னது. இப்போது நானும் அந்த ஒரு மீட்டரைத்தான் கணக்காக வைத்திருக்கிறேன். மண் தெரிவது பிடிக்கவில்லையா, சருகைப் பரப்புங்கள்.

தம்பியிடம் சொன்னேன். “நாய் தோண்டிடும் சார்” என்றார். கரண்டியை வாங்கி, காய்வதற்குள் நானே வழித்துப்போட்டேன்.

கவரோடு நடுவது

கிழித்துவிட்டு நடுங்கள். உள்ளே சுருண்ட வேரைப் பிரித்தும் விடுங்கள். இல்லாவிட்டால் அது மண்ணுக்குள்ளும் சுருண்டபடியே பெருக்கும்.

பூவுக்காக மயில்கொன்றை

குல்மோகர் என்கிறோமே, அந்த மடகாஸ்கர் மரம். மே மாதத்தில் கண்ணைப் பறிக்கும்; காற்றடித்தால் கிளை முறியும். பூவரசு வையுங்களேன், அதிலும் பூ உண்டு.

மின்கம்பிக்குக் கீழே

வேண்டாம்.

கூண்டைக் கழற்ற மறப்பது

அடுத்த தெரு வேம்பு, கூண்டோடு பெயர்ப்பலகையையும் விழுங்கிக்கொண்டிருக்கிறது. ‘உபயம்’ என்று எழுதியிருந்தது. இப்போது ‘உப’ மட்டும்தான் தெரிகிறது.