பனியன் கம்பெனியில் ஆள் தங்கவில்லை என்றால் எங்கிருந்து தொடங்குவது?

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துவோர் நூல் விலையையும் துணிச் சேதாரத்தையும் துல்லியமாக அறிந்திருப்பார்கள். சென்ற ஆண்டு எத்தனை டெய்லர்கள் வேலையை விட்டுப் போனார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் விடை வராது. ஆள் சேர்ப்பது, கூலி நிர்ணயிப்பது, ஷிஃப்டை நீட்டுவது, சூப்பர்வைசரை நியமிப்பது ஆகிய முடிவுகள் தொழிலாளியையும் லாபத்தையும் ஒருசேரத் தொடுபவை என்பதால், அவற்றுக்கு முன்பாக இந்த ஒரு கணக்கை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மாதத்தில் விலகியோரின் எண்ணிக்கையை அம்மாதத்தின் சராசரி ஆள் எண்ணிக்கையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 60 டெய்லர்கள் உள்ள யூனிட்டில் மாதம் 6 பேர் விலகுவதாக வைத்துக்கொண்டால் அது 10 விழுக்காடு. ஆண்டு முடிவில் 60 இடங்களிலிருந்து 72 பேர் போயிருப்பார்கள். புதிதாக வருபவர் முதல் 24 வேலை நாள்களில் பழகியவரின் பாதி அளவே தைக்கிறார் என்று கொண்டால், ஒவ்வொரு விலகலுக்கும் 12 ஆள்நாள் வீதம் ஆண்டுக்கு 864 ஆள்நாள் உற்பத்தி போகிறது. மாதம் 26 நாள் வேலை என்ற கணக்கில், ஏறக்குறைய மூன்று மெஷின்கள் ஆண்டு முழுவதும் சும்மா நின்றதற்கு இது சமம். உங்கள் எண்கள் வேறாக இருக்கும். அவற்றைப் போட்டுப் பார்த்த பிறகே கூலி உயர்வு கட்டுப்படியாகுமா என்ற பேச்சுக்குள் நுழையுங்கள்.

இந்தக் கணக்குக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு அமெரிக்காவின் ஹைலேண்ட் பார்க்கில் இருந்த ஃபோர்டு கார் தொழிற்சாலை. 1913-இல் அங்கே ஆண்டு விலகல் விகிதம் ஏறக்குறைய 370 விழுக்காடு. 1914 ஜனவரியில் வேலை நேரத்தை ஒன்பது மணியிலிருந்து எட்டாகக் குறைத்து, நாள் வருமானத்தை ஐந்து டாலராக, அதாவது முன்பிருந்ததைப் போல் இருமடங்குக்கும் மேலாக, உயர்த்தியதும் அவ்வாண்டின் விகிதம் 54 விழுக்காடாகச் சரிந்தது. அப்போது அந்நாட்டில் நிலவிய மந்தநிலைக்கும் இதில் பங்கு உண்டு. ஐந்து டாலரில் ஒரு பாதி லாபப் பங்கு என்ற பெயரில் தரப்பட்டது. அதைப் பெறத் தகுதி உண்டா என்று பார்க்க நிர்வாகத்தின் ஆட்கள் தொழிலாளர்களின் வீடுகளுக்கே சென்று விசாரித்தார்கள். விடுதிக்குக் காவல் போட்டு ஆளைத் தக்கவைக்க நினைப்பவர்கள் இந்தப் பகுதியைப் பின்பற்ற வேண்டியதில்லை.

அடுத்து, விலகியோரை லைன் (டெய்லர்கள் வரிசையாக அமர்ந்து தைக்கும் பிரிவு) வாரியாகப் பிரியுங்கள். ஒரே கூலி, ஒரே ஷிஃப்ட், ஒரே ஸ்டைல் (ஆடை வடிவமைப்பு) ஓடும் இரண்டு லைன்களில் ஒன்றில் மட்டும் இருமடங்கு பேர் விலகியிருந்தால் கூலியைக் குறை சொல்வதில் பொருளில்லை. அந்த லைனின் சூப்பர்வைசர் எப்படிப் பேசுகிறார் என்பதையே முதலில் கவனிக்க வேண்டும். நன்றாகத் தைப்பவரைச் சூப்பர்வைசர் ஆக்கும் வழக்கத்தால் நல்ல டெய்லர் ஒருவரை இழந்து, ஆள் நடத்தத் தெரியாத ஒருவரைப் பெறுவதும் உண்டு. விலகியவரிடம் காரணம் கேட்பதாக இருந்தால், கணக்குத் தீர்க்கும் அன்று கேட்காமல், ஒரு மாதம் கழித்து, சூப்பர்வைசர் அல்லாத ஒருவர் தொலைபேசியில் கேட்கட்டும். பீகார், ஒடிசா தொழிலாளர்களிடம் அவர்களுக்குப் பழக்கமான மொழியில் கேட்காவிட்டால் "ஊரில் வேலை இருக்கிறது" என்ற பதிலுக்கு மேல் எதுவும் கிடைக்காது.

ஷிஃப்டை நீட்டும் முடிவுதான் அதிகம் யோசிக்காமல் எடுக்கப்படுவது. ஷிப்மென்ட் நெருங்கியதும் ஒன்றரை ஷிஃப்ட் (வழக்கமான நேரத்துக்கு மேல் நான்கு மணி நேரம்) என்று அறிவித்துவிடுகிறோம். மிகைநேரத்துக்குச் சட்டப்படி இருமடங்கு ஊதியம் தர வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, அந்த நான்கு மணி நேரத்தில் தைத்தவற்றில் எத்தனை ஆல்டருக்கு, அதாவது தவறைத் திருத்தித் தைப்பதற்கு, திரும்புகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு வாரங்களுக்குச் செக்கிங் பதிவேட்டில் மாலை ஆறு மணிக்கு முன், பின் என்று இரண்டு பத்திகள் போட்டு, மறுநாள் வராதவர்களின் எண்ணிக்கையையும் அருகில் எழுதிவந்தால், கூடுதல் நேரம் கூடுதல் பீஸைத் தருகிறதா, கூடுதல் ஆல்டரைத் தருகிறதா என்பது தெரிந்துவிடும். பீஸ் ரேட்டில் (தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில்) வேலை நடக்கும் இடங்களில் ரேட்டை ஸ்டைல் தொடங்கும் முன்பே எழுதி ஒட்டுங்கள். பாதியில் குறைக்கப்பட்ட ரேட்டைத் தொழிலாளி மறப்பதில்லை.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஆகியவற்றில் விவாதத்துக்கு இடமில்லை. பிடித்தம் எவ்வளவு, கம்பெனி செலுத்தியது எவ்வளவு என்பதைச் சம்பளச் சீட்டில் காட்டினால் போதும். போனஸ் அப்படி அன்று. தீபாவளிக்குப் போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர் வேறு கம்பெனியில் சேர்வது இங்கே ஆண்டுதோறும் நடப்பது. சட்டப்படியான 8.33 விழுக்காட்டில் கை வைக்காமல், அதற்கு மேல் தர நினைக்கும் தொகையில் ஒரு பகுதியைப் பண்டிகை முடிந்து குறித்த நாளில் திரும்பி வருவோருக்கு என்று முன்கூட்டியே அறிவிக்கலாம்.

எந்த மாற்றத்தையும் கம்பெனி முழுவதும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். தீபாவளி, பொங்கல் நெருக்கடி இல்லாத ஆறு வாரங்களைத் தேர்ந்து, ஒரு லைனில் மட்டும் மாற்றிவிட்டு, விலகல், வராமை, ஆல்டர், நாள் உற்பத்தி ஆகிய நான்கையும் மற்ற லைனோடு ஒப்பிடுங்கள். பலன் இல்லை என்று கண்டு பழைய முறைக்குத் திரும்புவதானால், அதற்கான காரணத்தை அந்த லைனில் இருப்பவர்களிடம் சம்பள நாளுக்கு முன்பே நேரில் சொல்லிவிடுங்கள்.