லாட்ஜ் குழாயும் மூடி போட்ட பாட்டிலும்: காவிரி டெல்டாவில் தங்குவோர் தண்ணீரில் செய்யும் தவறுகள்

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கோயில்களுக்கும், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும், நாகூர் தர்காவுக்கும், சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக்கும் வருவோரில் பலர் தண்ணீரைப் பற்றி ஒரே ஒரு கேள்வியோடு வந்து இறங்குகிறார்கள்: குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா, பாட்டில்தான் வாங்க வேண்டுமா? உறவினர் திருமணங்களுக்காகவே மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் என்று லாட்ஜ் லாட்ஜாகத் தங்கிப் பழகிய எனக்கு, அந்தக் கேள்வியிலேயே பாதித் தவறு இருப்பதாகத் தோன்றுகிறது. தண்ணீர் எங்கே ஊறியது என்பதைக் காட்டிலும், நம் வாய்க்கு வருவதற்கு முன் கடைசியாக எதில் நின்றது, அதில் யார் கை பட்டது என்பதுதான் வயிற்றுக்கு முக்கியம். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கடைசிக் கட்டத்தில் நடப்பவை.

லாட்ஜ் குழாயை ஊர்க் குழாய் என்று எண்ணுதல்

டெல்டாவின் பல ஊர்களுக்குக் குடிநீர் கொள்ளிடத்து மணற்படுகையில் இறக்கிய கிணறுகளிலிருந்து வருகிறது. மணலே முதல் வடிகட்டியாக இருப்பதால் கிணற்றில் ஊறும் நீர் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். அதில் குளோரின் கலந்து, மேல்நிலைத் தொட்டிகளுக்கு ஏற்றி, தெருக் குழாய்களுக்கு விடுகிறார்கள். நிலத்தடி நீர் உப்பேறிப்போன வேதாரண்யம், நாகப்பட்டினம் பகுதிகளுக்கும் கொள்ளிடத்துத் தண்ணீரே கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியாக நெடுந்தூரம் பயணம் செய்து வந்து சேர்கிறது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, வீட்டுக் குழாயில் வந்து விழும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. ஆகையால், தண்ணீரில் லேசாக பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தால் முகம் சுளிக்கும் பயணிகள், உண்மையில் நல்ல அறிகுறியைப் பார்த்துத்தான் சுளிக்கிறார்கள்.

ஆனால் லாட்ஜ் அறையின் குளியலறைக் குழாயில் வருவது அந்தத் தண்ணீர்தான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நகராட்சித் தண்ணீர் முதலில் சம்பு எனப்படும் தரையடித் தொட்டிக்கு வருகிறது. போதாத நாட்களில் அதே சம்பில் போர் தண்ணீரும், சில வேளைகளில் லாரித் தண்ணீரும் விழுகிறது. பிறகு மோட்டார் வழியாக மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, வெயிலில் நின்று, எஞ்சிய குளோரினையும் இழந்து, அறைக்கு இறங்குகிறது. கார் நிறுத்தும் இடத்திலேயே தரையோடு தரையாகச் சம்பின் மூடி இருக்கும் விடுதிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மூடியின் மேல் எந்தத் தண்ணீர் நிற்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வரவேற்பு மேசையில் "தண்ணி நல்ல தண்ணிதானே?" என்று கேட்டால் எவரும் இல்லை என்று சொல்லப் போவதில்லை. "இது போர் தண்ணியா, முனிசிபாலிட்டி தண்ணியா? மாடித் தொட்டி எப்போ கழுவினீங்க?" என்று கேட்டால் ஓரளவு உண்மையான பதில் வரும், அல்லது பதில் வராததே பதிலாக இருக்கும்.

தெருக் குழாயிலும் ஒரு சிக்கல் உண்டு. நாள் முழுவதும் தண்ணீர் ஓடாத ஊர்களில், விநியோகம் நின்ற பிறகு குழாய்க்குள் அழுத்தம் குறைந்துவிடுகிறது. பக்கத்தில் சாக்கடை ஓடி, குழாயில் சிறு விரிசலும் இருந்தால், வெளியிலிருக்கும் கழிவுநீர் உள்ளே இழுபடுகிறது. அடுத்த முறை தண்ணீர் திறக்கும்போது முதலில் வருவது அதுதான். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவிப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டதை இந்தப் பகுதியில் இன்னும் பலர் மறக்கவில்லை. ஆகவே தெருக் குழாயில் பிடிப்பவர்கள் முதல் சில நிமிடங்களின் தண்ணீரை விட்டுவிட்டுப் பிடிப்பது வெறும் பழக்கமாக வந்ததில்லை. அதில் காரணம் இருக்கிறது. அப்படிப் பிடித்ததையும் காய்ச்சிக் குடிப்பதே சரி. நன்றாகத் தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதித்தால் நோய்க்கிருமிகள் அழிந்துவிடும். கால் மணி நேரம் கொதிக்கவிட்டு எரிவாயுவை வீணாக்க வேண்டியதில்லை.

நாக்கையும் மீட்டரையும் நம்புதல்

வேளாங்கண்ணியில் தண்ணீர் கரிக்கிறது என்பதால் அதைக் கெட்ட தண்ணீர் என்று ஒதுக்கும் அதே பயணி, தஞ்சாவூருக்கு மேற்கே ஒரு தோட்டத்து அடிபம்பில் இனிப்பான நீர் வந்ததும் இரண்டு டம்ளர் குடித்துவிடுகிறார். உப்பு நாக்குக்குத் தெரியும்; கிருமி தெரியாது. கரிக்கும் நீரால் பெரும்பாலும் தாகம் அடங்காது, பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. இரவெல்லாம் கழிவறைக்கு ஓட வைப்பது பெரும்பாலும் சுவையான நீர்தான்.

இப்போது இதே தவறு நவீன உருவில் வந்திருக்கிறது. சட்டைப்பையில் டி.டி.எஸ். மீட்டர் வைத்துக்கொண்டு, ஓட்டல் மேசையிலேயே டம்ளரில் முக்கிப் பார்ப்பவர்களை அண்மைக்காலமாகப் பார்க்கிறேன். அந்தக் கருவி நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவை, மின்கடத்தும் தன்மையைக் கொண்டு கணித்துச் சொல்கிறது; அவ்வளவே. ஐ.எஸ். 10500 தரப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. எண் 120 என்று காட்டிவிட்டால் தண்ணீர் தூய்மையானது என்று மகிழ்வதில் பொருளில்லை: ஆற்றுத் தண்ணீரில் சிறிது சாக்கடை கலந்தால்கூட அந்த எண் பெரிதாக ஏறாது.

தெளிவும் அப்படித்தான். மேட்டூர் திறந்து கல்லணை வழியாகப் புதுத்தண்ணீர் வரும் நாட்களில் ஆற்றில் செம்மண் நிறத்தில் ஓடுவதைத் தேற்றாங்கொட்டையை உரசித் தெளிய வைப்பது நம் பாட்டிகளின் முறை. மண் அடியில் படிந்துவிடும், நீர் கண்ணாடியாக நிற்கும். கிருமி முழுவதும் போய்விடாது. ஆடிப்பெருக்கில் ஆற்றங்கரையில் சித்ரான்னம் சாப்பிட்டுவிட்டு அப்படித் தெளிந்த நீரைக் குடிப்பவர்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வரும் என்பது எனக்குத் தெரியும். குளோரின் மாத்திரை போடுவோருக்கும் இதையொட்டி ஒரு குறிப்பு: கலங்கிய நீரில் மாத்திரையின் வேலை குறைந்துபோகும், ஆகவே முதலில் தெளிய வைத்து வடிகட்டி, பிறகு மாத்திரை போட்டு, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

பாட்டில் என்றாலே பத்திரம் என்று நினைத்தல்

சில ஆண்டுகளுக்கு முன் மயிலாடுதுறையில் ஒரு லாட்ஜில், கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்கள் வைத்திருந்தார்கள். மூடியைத் திருகினேன், வழக்கமாக வரும் 'டக்' என்ற சிறு முறிவு விரலுக்குத் தெரியவே இல்லை, வெண்ணெயில் சுழல்வதுபோல் சுழன்றது. கழுத்தைப் பார்த்தால், மூடியின் கீழே ஒட்டியிருக்க வேண்டிய வளையம் ஏற்கெனவே அறுந்து தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. லேபிளின் ஓரமும் நீரில் ஊறி உரிந்திருந்தது. அறைக்கு வந்த பையனிடம், "தம்பி, இது திறந்த பாட்டில் மாதிரி இருக்கே?" என்றேன். அவன் சிறிதும் தயங்காமல், "ஆமா சார், கேன்லேர்ந்து புடிச்சு வச்சதுதான். நல்ல தண்ணிதான் சார்" என்றான். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் அவனிடம் இல்லை. காலி பாட்டிலை நிரப்பி வைப்பது அங்கே வேலைகளில் ஒன்று. ஆனால் எத்தனை பேர் வாய் வைத்த பாட்டில், எதைக் கொண்டு கழுவியது, கேனின் குழாயை யார் கையால் திறந்தது என்பதெல்லாம் அந்த மூடிக்குள் மறைந்துவிடுகிறது.

ஆகவே வாங்கும்போது பார்க்க வேண்டியவை: முறியாத வளையம், தயாரித்த தேதியும் பயன்படுத்தும் காலமும், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க உரிம எண். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் மேலே ஐ.எஸ். 14543 என்ற எண் இருக்கும். இந்த முத்திரை முன்பு கட்டாயமாக இருந்தது. 2024 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டு, பின்னர் பாட்டில் தண்ணீரை அதிக இடருள்ள உணவு வகையில் சேர்த்தது. இன்னொன்று: நாம் எல்லாவற்றையும் மினரல் வாட்டர் என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் கடைகளில் விற்பதில் பெரும்பாலானது ஆலையில் சுத்திகரித்து அடைத்த குடிநீர். இயற்கைக் கனிம நீருக்கு ஐ.எஸ். 13428 என்ற வேறு தரம், வேறு விலை. சாதாரண பாட்டிலைக் குடித்துவிட்டு உடம்புக்குக் கனிமச்சத்து சேர்ந்தது என்று எண்ண வேண்டாம்.

இருபது லிட்டர் கேனில் ஏமாறுவது இன்னும் எளிது, ஏனென்றால் கேன் திரும்பத் திரும்ப நிரப்பப்படுவது. திருமண மண்டபங்களில் வாசல் வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் கேன்களின் அடியைத் தூக்கிப் பாருங்கள். உட்புறம் பாசி படர்ந்த பச்சைக் கோடு தெரிந்தால் அந்தக் கேனை விட்டுவிடலாம். பிளாஸ்டிக்கைப் பற்றிப் பயப்படுகிறவர்கள்கூட, காரின் பின்கண்ணாடி அருகே இரண்டு நாள் கிடந்த, வாய் வைத்துக் குடித்த பாட்டிலைப் பற்றிப் பயப்படுவதில்லை. என் கணிப்பில் இரண்டாவதுதான் அன்றாட ஆபத்து. பாக்கெட் தண்ணீரைப் பொறுத்தவரை, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பிளாஸ்டிக் பொருட்களில் அதுவும் ஒன்று; திருவிழாக் கூட்டத்தில் எங்கேனும் விற்றாலும் வாங்க வேண்டாம்.

விலை பற்றி நடக்கும் சண்டைகளில் ஒரு தெளிவு வேண்டும். பேருந்து நிலையக் கடையில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் 'கூலிங் சார்ஜ்' கேட்டால் மறுக்கலாம், புகாரும் செய்யலாம். உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டலில் அந்த மறுப்பு செல்லாது: 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஓட்டலில் வழங்குவது வெறும் விற்பனை ஆகாது, சேவையும் சேர்ந்தது என்பதால் கூடுதல் விலை வாங்கலாம் என்று தீர்ப்பளித்துவிட்டது. ரயிலில் வருபவர்கள், 2025 செப்டம்பரில் வரி குறைந்த பின் ரயில்வேயின் 'ரயில் நீர்' ஒரு லிட்டர் பாட்டில் 15 ரூபாயிலிருந்து 14 ரூபாயாகக் குறைக்கப்பட்டதை நினைவில் வைத்துக்கொண்டு சில்லறையைக் கேட்டு வாங்கலாம்.

வெதுவெதுப்பான நீரை வெந்நீர் என்று நம்புதல்

நம் ஊர் ஓட்டல்களில் உள்ள நல்ல வழக்கம், சுடுதண்ணி கேட்டால் காசில்லாமல் கொண்டுவந்து வைப்பது. பலர் அதைப் பெரிய பாதுகாப்பாகக் கருதுகிறார்கள். கொதித்த நீராக வந்தால் பாதுகாப்புதான். ஆனால் பரிமாறுபவர் ஜக்கில் பாதிவரை கொதிநீரை ஊற்றிவிட்டு, வாய் சுடக் கூடாதே என்ற அக்கறையில், பக்கத்துத் தொட்டியிலிருந்து ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரைக் கலந்து கொண்டுவருவதைச் சமையற்கட்டு தெரியும் மேசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அப்படி வருவது சூடான பச்சைத் தண்ணீர். சீரகம் போட்டு மஞ்சளாக இருப்பதும் அது முழுதாகக் கொதித்தது என்பதற்குச் சான்றாகாது. "விளாவ வேண்டாம் அண்ணே, கொதிக்கிறதையே கொடுங்க, நாங்க ஆத்திக்கிறோம்" என்று கேட்டு வாங்கி, சொந்த ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்துக்கொண்டால், பாட்டிலுக்குச் செலவிடும் பணமும் மிச்சம், குப்பையும் குறையும். இந்தப் பகுதியில் பயணிக்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஐஸ் தனிக்கதை. பாட்டில் தண்ணீர் மட்டுமே குடிப்பேன் என்று கட்டுப்பாடாக இருப்பவர், கரும்புச்சாற்றிலும் நன்னாரி சர்பத்திலும் உடைத்துப் போடும் பாளம் ஐஸைக் கவனிப்பதில்லை. சாக்கில் சுற்றி, தரையில் இழுத்து, ஆணியால் உடைத்த அந்தப் பாளத்தில் உறைந்திருப்பது எந்தத் தண்ணீர் என்று கடைக்காரருக்கே தெரியாது. உறைவதால் கிருமி சாவதும் இல்லை. ஐஸ் இல்லாமல் கேளுங்கள், அல்லது கண்ணெதிரே சீவிய இளநீரைக் குடியுங்கள். டிகிரி காபிக்குக் கவலை வேண்டாம், டபரா டம்ளரைக் கொதிநீரில் முக்கி எடுக்கும் கடையாக இருந்தால்.

கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்கும்போது பாட்டில் தண்ணீரை அப்படியே ஊற்றுவதும் தவறு. மாவிலும் கிருமி இருக்கக்கூடும் என்பதால், கொதித்து 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலக்கி, பிறகு ஆற வைத்துக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இவ்வளவுக்குப் பிறகும் வயிறு கெட்டுவிட்டால், ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைப் பொடியைக் கலக்குவதிலும் தவறு நடக்கிறது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைக் கையிலிருக்கும் அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குலுக்குகிறார்கள். உப்பு இரட்டிப்பாகி, குறிப்பாகக் குழந்தைகளுக்குத் தீங்காக முடியும். முத்திரை முறியாத ஒரு லிட்டர் பாட்டிலை வாங்கி, முழுவதையும் கழுவிய பாத்திரத்தில் ஊற்றி, ஒரு பொட்டலத்தை முழுதாகக் கரைத்தால் அளவு தானே சரியாக அமைந்துவிடும்; கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வயிற்றுப்போக்கு அரிசி கழுவிய நீர்போலப் போனாலோ, இரத்தம் கலந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, குழந்தை துவண்டாலோ, கோயில் தரிசனத்தை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று காத்திராமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பொட்டலம் அங்கே இலவசமாகவே கிடைக்கும்.